ஒரு நாளைக்கு ஒரு போன் போதும்!

பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற அன்றைக்குத்தான் பெற்றவளுக்கு வயிறு கலங்கும் என்று என் அம்மா சொல்வாள். என் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் அந்தக் கலக்கத்தை நான் 2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியிலேயே அனுபவித்துவிட்டேன். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் மூத்த மகள் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரே ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அப்புறம் அவள் தலை கூட்டத்தில் மறைந்துவிட்டது.

நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருப்பவர்கள். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை. நான் பிளஸ் டூவோடு நின்றவள். மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். மெக்கானிக்கல் முடித்த கையோடு, "ஜெர்மனியில் டோர்ட்முண்ட் என்கிற ஊரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கு" என்று வந்து நின்றாள். அங்கே அரசாங்கப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் கிடையாது. அரை வருஷத்துக்கு ஒரு முறை கட்டுகிற சிறு தொகை மட்டும்தான். பஸ், ரயில் பாஸ்கூட அதிலேயே அடங்கிவிடுகிறது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் விசாவுக்கு ஒரு வருஷத்துச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நாங்கள் கட்டியபோது 11,208 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்குக் கிட்டத்தட்ட. (அதே செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்துவிட்டது.) பாங்க் கடனும் என் கழுத்துச் சங்கிலியும் சேர்ந்துதான் அவளை விமானம் ஏற்றின.

என் நாத்தனார் மட்டும், "வயசுப் பொண்ணை இப்படித் தனியா அனுப்பறியே, உனக்கு என்ன தைரியம் அண்ணி!" என்றாள். எனக்கு ஒரு தைரியமும் இல்லை. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கடை திறக்காத ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். ஃபிராங்பர்ட்டில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் டோர்ட்முண்ட். விடுதி அறை அக்டோபர் 1-ஆம் தேதிதான் கிடைக்கும் என்பதால், அதுவரை நம் பக்கத்திலிருந்து போன சீனியர் பெண் ஒருத்தியின் அறையில் தங்கினாள். வந்த அசதியில் படுத்துத் தூங்கிவிட்டாள். மறுநாள் எழுந்து கடைக்குப் போனால், ஊரே பூட்டிக் கிடக்கிறது! அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லையாம். ரயில் நிலையத்துக் கடைகள், காலையில் சில ரொட்டிக் கடைகள் போன்றவை விதிவிலக்கு. சீனியர் பெண்ணும் அன்று ஊரில் இல்லை. நான் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலில்தான் அன்றைய பொழுது போயிற்று.

"அம்மா, உன் புளிக்காய்ச்சலுக்குக் கோயில் கட்டணும்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. 'முதல் நாளே பிள்ளை பட்டினி' என்று என் மனசு எழுதிக்கொண்டுவிட்டது.

அடுத்த வாரம் இன்னொரு சங்கதி. புதிதாக வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும். அதைப் பதிந்துவிட்டாள். ஆனால் வரவேண்டிய தபால் ஒன்றும் வரவில்லை. என்னவென்று பார்த்தால், கீழே இருக்கிற தபால் பெட்டியில் இவள் பெயரை ஒட்டவில்லை! பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைப் போடமாட்டார், திரும்பப் போய்விடும். நம் ஊரில் என்றால் தபால்காரர் தெருமுனையில் நின்று, "இன்னார் வீடு எது?" என்று கேட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அங்கே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டாததற்காகப் பாங்க் கார்டு ஊர் சுற்றி வந்தது.

இன்னொரு நாள் பொதுச் சமையலறையில் கடுகு தாளித்திருக்கிறாள். கதவு திறந்திருந்ததால் புகை நடைக்குப் போய், அங்கே கூரையிலிருந்த கருவி 'கீ கீ' என்று அலறியதாம். மேல் மாடி, கீழ் மாடிப் பிள்ளைகள் எல்லாரும் எட்டிப் பார்க்க, இவள் கரண்டியும் கையுமாக நின்றிருக்கிறாள். "இனிமே தாளிக்கவே மாட்டேம்மா" என்றாள். "கதவைச் சாத்திக்கோ, ஜன்னலைத் திற, எண்ணெயை ரொம்பக் காயவிடாதே" என்று நானும் இங்கிருந்தே பாடம் நடத்தினேன்.

நான் செய்த தப்பு

இதுவரை சொன்னதெல்லாம் சின்ன விஷயம். இனிமேல் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம்.

நான் ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்துகொண்டிருந்தேன். அவள் எழுந்திருக்கும்போது ஒன்று, மத்தியானம் சாப்பிட்டாளா என்று ஒன்று, வகுப்பு முடிந்து வந்தாளா என்று ஒன்று, தூங்கும் முன் ஒன்று. செப்டம்பர், அக்டோபரில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சீட்டு ஒட்டி, அங்கே மணி என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது. அங்கே மணி என்ன என்பது மட்டும் தெரியும்!

எப்போது கூப்பிட்டாலும் உடனே எடுத்துவிடுவாள். எனக்கு அதில் ஒரு பெருமை. ஆனால் மூன்றாவது வாரம், வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. கண்ணுக்குக் கீழே கருப்பு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குரலில் சளி. பின்னால் தெரிந்தது எப்போதும் அதே வெள்ளைச் சுவர், அதே கட்டில்.

"ஏண்டி, நீ வெளியிலேயே போகறதில்லையா?" என்று கேட்டேன்.

"வகுப்புக்குப் போறேனேம்மா."

"வகுப்பு விட்டா?"

பதில் இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "கூடப் படிக்கிறவங்க எல்லாம் கூப்பிட்டாங்கம்மா. ஏரிக்குப் போலாம், மார்க்கெட்டுக்குப் போலாம்னு. நீ கூப்பிடற நேரத்துல வெளியில இருந்தா, பின்னால சத்தம் கேட்டா, நீ பயப்படுவே. அதான் ரூம்லயே இருந்துடறேன்."

சகோதரிகளே, யாரோ கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. கடல் தாண்டி அனுப்பிவிட்டு, அந்தக் குழந்தையை ஒரு போனால் கட்டில் காலோடு கட்டிப் போட்டிருந்தவள் நான்தான். அவள் முகம் வாடியதற்கு ஊரைக் குறை சொன்னேன், குளிரைக் குறை சொன்னேன், சாப்பாட்டைக் குறை சொன்னேன். என்னைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று இரவு இவரிடம், "ஏங்க, அவளைத் திரும்பி வரச் சொல்லிடலாமா?" என்று கேட்டுவிட்டேன். இவர் அதிகம் பேசமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ இன்னும் அந்த ஊரைப் பார்க்கவே இல்லையே. பார்க்காமயே எப்படித் திரும்பி வருவா?" என்றார்.

தினம் ஒரு புது இடம்

மறுநாள் மூவரும் பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு போன். அதுவும் அவள்தான் கூப்பிடுவாள்: அவளுடைய சாயங்காலம் ஆறு மணிக்கு, நமக்கு ஒன்பதரை. ஆனால் ஒரு நிபந்தனை: தினமும் புதிதாக ஓர் இடம் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். பெரிய இடமாக இருக்க வேண்டியதில்லை; ஒரு தெரு, ஒரு மரம், ஒரு கடை போதும்.

சளிக்கு முதலில் டாக்டரிடம் போகச் சொன்னேன். அங்கே மாணவர்களுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். டாக்டர் சோதித்துவிட்டு, "ஓய்வெடு, சூடாகக் குடி, வெந்நீரில் ஆவி பிடி" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஆன்டிபயாடிக் மாத்திரை அங்கே சீட்டு இல்லாமல் கிடைக்காது. தேவையில்லாத சளிக்கு எழுதித் தரவும் மாட்டார்கள். நான் கொடுத்தனுப்பிய சுக்கும் மிளகும் அப்போதுதான் பெட்டியை விட்டு வெளியே வந்தன.

பிறகு ஒவ்வொரு நாளாக ஊர் எங்கள் வீட்டுக்குள் வர ஆரம்பித்தது. முதல் நாள், பல்கலைக்கழகத்துக்குள் ஓடுகிற தொங்கும் ரயிலைக் காட்டினாள். தண்டவாளம் மேலே, வண்டி கீழே தொங்குகிறது, ஓட்டுநரும் கிடையாது! 1984-லிருந்து ஓடுகிறதாம். என் வயிற்றில் புளி கரைந்தது. இவரோ போனைக் கையில் வாங்கி, "சக்கரத்தைக் காட்டு, சக்கரத்தைக் காட்டு" என்றார்.

இன்னொரு நாள் ஊர் நடுவே 'யு' என்ற எழுத்தைத் தலையில் தாங்கிய பழைய பீர் ஆலைக் கட்டடம். இப்போது அது கலைக்கூடம். ஒரு வெள்ளிக்கிழமை ரயில் முழுக்க மஞ்சள் சட்டைக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினார்களாம். என்ன கலாட்டாவோ என்று இவள் பயந்து ஓரமாக நின்றிருக்கிறாள். மஞ்சள் துண்டு போட்ட ஒரு பாட்டி, பக்கத்தில் இடம் கொடுத்து, ஆங்கிலமும் ஜெர்மனும் கலந்து, "கால்பந்து ஆட்டம், வேறொன்றும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஊர் மைதானத்தில் 81,000 பேருக்கு மேல் உட்காரவும் நிற்கவும் இடம் உண்டு. ஜெர்மனியிலேயே அதுதான் பெரியது. "அம்மா, அந்தப் பாட்டிக்கு உன் அம்மா வயசு இருக்கும்!" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் வந்தது.

இவருக்குப் பிடித்தது ஃபீனிக்ஸ் ஏரிதான். ஹோர்டே என்ற பகுதியில் பெரிய எஃகு ஆலை இருந்திருக்கிறது. 2001-இல் மூடிவிட்டார்கள். இயந்திரங்களைச் சீனர்கள் பிரித்தெடுத்துக் கப்பலில் கொண்டுபோனார்களாம். அந்த இடத்தைத் தோண்டி, 2010 அக்டோபரில் தண்ணீர் விட ஆரம்பித்து, ஏரியாக்கிவிட்டார்கள். சுற்றிவர மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை. எஃகு காய்ச்சிய பெரிய கொப்பரை ஒன்றை மட்டும் கரையில் ஞாபகத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் பேர் போன ஊர் அது. ஊரின் கடைசிச் சுரங்கம் 1987-இல் மூடப்பட்டது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் கடைசிக் கறுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அதே வட்டாரத்திலுள்ள பாட்ராப்பில் மூடப்பட்டுவிட்டது.

இவர் அன்று போனை வைத்த பிறகும் வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "சுரங்கம் மூடினா ஊரே செத்துடும்னு நினைச்சிருந்தேன். அங்க குழந்தைங்க படகு விடுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இருபத்தைந்து வருஷமாகச் சுரங்கத்துக்குப் போய் வருகிறவர் மனசில் என்ன ஓடியது என்று நான் கேட்கவில்லை.

காணாமல் போன ஒரு மணி நேரம்

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பதரை ஆயிற்று. போன் வரவில்லை. ஒன்பது நாற்பது... ஒன்பது ஐம்பது... 'நாம் கூப்பிடக் கூடாது' என்ற ஒப்பந்தத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பத்து மணிக்கு மேல் தாங்கவில்லை. கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். இவருக்கு அன்று நைட் ஷிஃப்ட். பையன் தூங்கிவிட்டான். எதிர்வீட்டு அக்காவை எழுப்பலாமா என்று வாசல் வரை போய்த் திரும்பினேன். சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டேன். ஏரிக்கரை, இருட்டு, தண்ணீர்... தாய் மனசு எங்கெங்கெல்லாம் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது.

"அம்மா! என்னம்மா, பதினோரு தடவை கூப்பிட்டிருக்கே? போன் பையில சைலண்ட்ல இருந்துச்சு. சரியா ஆறு மணிக்குக் கூப்பிடறேனே!"

எனக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம்தான் அவளுக்கே விளங்கியது. அந்த நாடுகளில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுகிறார்கள். திரும்ப மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை முன்னால் திருப்புவார்கள். நடுவில் உள்ள குளிர்காலம் முழுக்க நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அவளுடைய ஆறு மணி எங்களுக்குப் பத்தரை ஆகிவிட்டது. என் சுவர்ச் சீட்டுக்கு இது எப்படித் தெரியும்?

அழுதுகொண்டே சிரித்தேன். அவளும்தான். "உனக்கு முன்னாடியே சொல்லாம விட்டது என் தப்பும்மா" என்றாள். "இல்லடி, ஒரு மணி நேரம் பொறுக்காதது என் தப்பு" என்றேன். அன்று முதல், போன் ஒரு மணி நேரம் தாமதமானால் நான் செய்வது ஒன்றுதான்: நாளைக்கான காய் நறுக்க உட்கார்ந்துவிடுவேன். கை வேலை செய்தால் மனசு கொஞ்சம் அடங்குகிறது.

காமாட்சி சந்நிதியில்

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அவளுக்கு வகுப்பு. எண்ணெய்க் குளியலும் இல்லை, புதுத்துணியும் இல்லை. மறுநாள் நவம்பர் 1 அங்கே கிறிஸ்தவர்களின் புனிதர் திருநாள், விடுமுறை. டோர்ட்முண்டிலிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில் ஹாம் என்ற ஊர்; அங்கே காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 1983-க்குப் பிறகு உயிர் பிழைக்க ஓடிவந்த இலங்கைத் தமிழர்கள், ஒரு வீட்டின் நிலவறையில் வைத்துக் கும்பிட்ட அம்மனுக்கு, 2002-இல் பதினேழு மீட்டர் கோபுரத்தோடு கோயில் எழுப்பினார்கள். நம் காஞ்சிபுரத்துக் காமாட்சியை மனசில் வைத்துக் கட்டியது.

பாப்பா ரயிலும் பஸ்ஸும் மாறித் தனியாகவே போனாள். போனில் கோபுரத்தைக் காட்டினாள். கீழே தொழிற்சாலைகள், மேலே மேக மூட்டம், நடுவில் நம் கோபுரம். கோயிலில் வயதான இலங்கை அம்மா ஒருவர், "பிள்ளை எந்த ஊர்? சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாராம். அவர் இருபத்திரண்டு வயதில் வந்தவர். அப்போது போன் கிடையாது. ஊரிலிருந்து கடிதம் வர மாதக் கணக்காகும். அம்மா இறந்த செய்தியே காலம் கடந்துதான் கிடைத்ததாம். "உங்கட அம்மா குடுத்துவைச்சவ. ஒவ்வொரு நாளும் முகம் பாக்கிறா" என்றாராம்.

பாப்பா அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மணி நேரம் போன் வராததற்கு நான் விளக்கேற்றி உட்கார்ந்தேன். அந்த அம்மாவைப் பெற்றவள் எத்தனை வருஷம் விளக்கேற்றினாளோ!

அனுப்பி வைக்கும் தாய்மாருக்கு

படிக்க அனுப்பப் போகிற சகோதரிகளுக்கு எங்கள் அனுபவத்தில் சில வார்த்தைகள்:

பெட்டியில் நெய், பால்கோவா வைக்காதீர்கள். ஐரோப்பிய நாடுகளுக்குள் பால் பண்டமும் இறைச்சியும் பிரயாணிகள் கொண்டுபோக அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், சுக்கு, மிளகு போதும். மற்ற மளிகைக்கு இலங்கைத் தமிழர் கடைகள் அங்கே உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் டாக்டர் சீட்டோடு வையுங்கள்.

ஜெர்மனியில் ஆம்புலன்ஸுக்கு 112. இரவிலோ விடுமுறையிலோ டாக்டர் தேவைப்பட்டால் 116117. இரண்டையும் பிள்ளையின் போனில் மட்டுமல்ல, அறைச் சுவரிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

போன உடனே தபால் பெட்டியில் பெயர் ஒட்டச் சொல்லுங்கள். சனிக்கிழமையே ஞாயிற்றுக்கிழமைக்குச் சமையல் சாமான் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காலி பிளாஸ்டிக் பாட்டிலை வீசக் கூடாது. கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட் கிடைக்கும். எங்கள் பாப்பா அதிலேயே வாரம் ஒரு ரொட்டி வாங்கிவிடுகிறாள்!

கடிகாரம் மாறிய பிறகு சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கே சூரியன் மறைகிறது. டிசம்பரில் நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். வெயில் படாத உடம்பும் சோரும், மனசும் சோரும். பகல் வெளிச்சத்தில் தினம் அரை மணி நேரமாவது நடக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அங்கே வெயிலிலிருந்து வைட்டமின் டி கிடைப்பது அரிது. மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளை பல நாள் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருப்பதாகத் தெரிந்தால், 'குளிர்தான் காரணம்' என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடமும் பல்கலைக்கழகத்து ஆலோசகரிடமும் போகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்னிக்குப் புதுசா என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளைகள் பொய் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

அந்தச் சுவர்ச் சீட்டை நான் இன்னும் கிழிக்கவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு, மார்ச் கடைசி ஞாயிறு இரண்டையும் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.